கண்ணாடி பதிக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ளும் முறை

கண்ணாடியை வெட்டுவதாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். மேற்பரப்பில் மெல்லிய கீறல் ஒன்றைப் போட்டு, விரிசல் அதன் வழியே ஓடும்படி ஒடிப்பதே உண்மையில் நடக்கும் வேலை. இதைப் புரிந்துகொண்ட பயிலுநருக்கு மற்றவை எளிதாகும். ஏனெனில் கண்ணாடியின் பலம் அதன் ஓரத்தில் இருக்கிறது. இன்று ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விழும் சிறு சில்லு, சட்டத்தில் பொருத்தி ஆறு மாதம் கழித்து, வெயில் ஏறிய ஒரு நாளில் குறுக்கே விரிசலாக ஓடலாம்.

இத்தொழிலைப் பல நாடுகளில் மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கிறார்கள். தொடக்கத்தில், சிறு சக்கரத்தால் கீறல் போடும் கருவியான கட்டரைக் கையில் தர மாட்டார்கள். கண்ணாடியைத் துடைக்கவும் தூக்கவும் அடுக்கவும்தான் சொல்வார்கள். அதை அவமதிப்பாக நினைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ எடை இருக்கும். 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை 27 கிலோ என்று மனக்கணக்காகவே சொல்லத் தெரிந்தவர்தான் அதைத் தனியாகத் தூக்கலாமா, துணைக்கு ஆள் வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும்; படுக்கையாகத் தூக்கினால் பெரிய பலகை தன் எடையாலேயே வளைந்து உடையும். கை நழுவினால் தாங்கிப் பிடிக்க முயலாமல் விட்டுவிட்டு விலக வேண்டும். இந்தப் பழக்கம் இயல்பாக வராது. மனம் பிடிக்கவே சொல்லும். வெட்டுத் தாங்கும் கையுறை, மணிக்கட்டு உறை, கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி, கனமான காலணி ஆகியவை இல்லாமல் அடுக்கின் அருகே போகக் கூடாது. அடுக்கும்போது மரப்பட்டிகள் மேல் சற்றுச் சாய்த்து நிறுத்தி, பலகைகளுக்கிடையே தாள் வைப்பது நல்லது. இடுக்கில் ஈரம் தங்கினால் எவ்வளவு துடைத்தாலும் போகாத கறை படியும்.

அடுத்தது அளவெடுத்தல். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் காடியின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தையும் அவ்வாறே மூன்று இடங்களிலும் அளந்து, மிகச் சிறிய அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். அகலம் 604, 602, 603 மில்லிமீட்டர் என வந்தால் 602 தான் கணக்கு. அதில் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 598 என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறுக்கு மூலைகளை அளந்து இரண்டும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. இடைவெளியை மிச்சம் பிடிக்க நினைப்பது வீண் வேலை: ஈரத்தில் மரம் உப்பும், அலுமினியம் வெப்பத்துக்குக் கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு விரியும், குளிரில் அதே அளவு சுருங்கும். இறுகிய சட்டத்தில் முதலில் விட்டுக்கொடுப்பது கண்ணாடிதான்.

கீறல் போடக் கற்கக் கழிவுக் கண்ணாடியே போதும். 4 மில்லிமீட்டர் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, கம்பளம் விரித்த சமமான மேசையில் வைத்து, கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயிலோ அதற்கான எண்ணெயிலோ நனைத்துக்கொள்ள வேண்டும். அளவுகோலின் விளிம்புக்கும் சக்கரம் உருளும் கோட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் விலகல் இருக்கும். அதை ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியிலும் கழிக்க வேண்டும். எட்ட உள்ள ஓரத்தில் தொடங்கி, தோளிலிருந்து வரும் ஒரே சீரான அழுத்தத்தில், தன்னை நோக்கி நிறுத்தாமல் இழுக்க வேண்டும். காது இங்கே கண்ணைவிடப் பயன்படும்: பட்டுத்துணி கிழிவது போன்ற தொடர்ந்த மெல்லிய ஒலி வந்தால் கீறல் சரி; வெண்துகள் தெறித்தால் அழுத்தம் கூடிவிட்டது; ஒலி விட்டு விட்டு வந்தால் சக்கரம் தாவுகிறது. போட்ட கீறலின் மேல் மறுபடி ஓட்டவே கூடாது. சக்கரமும் கெடும், ஓரமும் சிதறும். கீறியவுடன் தாமதிக்காமல், கீறலை மேசை விளிம்புக்கு நேராக வைத்து உறுதியாக ஒடிக்க வேண்டும். குறுகிய பட்டியாக இருந்தால் குறடு தேவைப்படும். 25 மில்லிமீட்டர் பட்டிகளைச் சில நூறு ஒடித்த பிறகே கை பழகும். ஒடித்ததும் கூர்மையான ஓரத்தைச் சாணைக்கல்லால் லேசாக மழுக்கிவிட வேண்டும். இதைத் தவிர்க்கும் அவசரக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கண்ணாடியும் கட்டருக்கு இணங்காது. டஃபன்டு கண்ணாடியை, அதாவது வெப்பத்தால் பலமேற்றிய கண்ணாடியை, 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிக் காற்றை வீசித் திடீரென்று குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவையிலும் இருக்கும். அதில் கீறல் போட்டு ஒடிக்க முயன்றால் முழுப் பலகையும் நொறுங்கிவிடும். ஆகவே துளை, ஓரம், அளவு யாவும் உலைக்குப் போகுமுன்பே முடிந்திருக்க வேண்டும். டஃபன்டு என்று காட்டும் முத்திரை மூலையில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வழக்கம். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லேமினேட்டட் கண்ணாடியில் இரு பக்கமும் நேருக்கு நேர் கீறி ஒடித்து, பிறகு நடுவே உள்ள பிளாஸ்டிக் படலத்தைத் தனியே அறுக்க வேண்டும். வினிகர் வாடை வரும் சிலிக்கான் பசையை முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் பயன்படுத்தினால் பூச்சு அரிக்கும்.

மரச்சட்டத்தில் பதிக்கும்போது கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் பழைய புட்டிப் பசையையும் ஆணிகளையும் நீக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடக் கூடாது. வெறும் மரம் புட்டியிலுள்ள ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சிவிடும். ஆகையால் காடிக்கு முதலில் பிரைமர் பூச வேண்டும். காடியில் மெல்லிய புட்டிப் படுக்கை இட்டு, கீழ்விளிம்பின் இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் கால் பங்கு தள்ளி ஒவ்வொரு சிறு கட்டையை வைத்து, அவற்றின் மேல் கண்ணாடியை நிறுத்த வேண்டும். எடை முழுவதையும் அந்த இரண்டு கட்டைகளே தாங்கும். ஓரத்தை மட்டும் அழுத்திப் பதிக்க வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. சிறு ஆணிகள் அடித்து, முகப்புப் புட்டியைச் சரிவாக இழுத்துவிட்டு, ஓரிரு வாரத்தில் அது மேல்தோல் கட்டியதும் வண்ணம் பூசலாம். வண்ணம் புட்டியைத் தாண்டி கண்ணாடி மேல் 2 மில்லிமீட்டர் ஏறியிருந்தால்தான் மழைநீர் உள்ளே இறங்காது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஓரத்தை அடைத்த இரட்டைக் கண்ணாடிக்கு எண்ணெய்ப் புட்டி ஆகாது. அதன் ஓர அடைப்பை எண்ணெய் கெடுத்து உள்ளே பனி படியச் செய்யும்.

பெரிய பலகைகளை உறிஞ்சு கோப்பைகளால் தூக்கும் நிலைக்கு வரும்போது, கண்ணாடியும் கோப்பையின் ரப்பரும் தூசியின்றி இருப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பம்ப் உள்ள வகையில் கைப்பிடியருகே சிவப்பு வளையம் இருக்கும். அது வெளியே தெரிந்தால் பிடிப்பு குறைகிறது என்று பொருள், உடனே மீண்டும் பம்ப் அடிக்க வேண்டும்.