ஓட்டத்தின் அடிவைப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து ஆராய்வது எப்படி?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குவதால், பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். உடல் சூடேறிய பின், கைப்பேசியை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் நிறுத்தி, ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள்.

பாதம் தரையைத் தொடும் கணத்தில் காட்சியை நிறுத்துங்கள். முழங்கால் சற்றே மடங்கி, கணுக்கால் ஏறக்குறைய அதன் நேர்கீழே இருந்தால் நன்று. முழங்கால் விறைத்து, பாதம் உடலுக்கு வெகு முன்னே விழுந்தால், அந்த அடியே வேகத்துக்குத் தடை போடுகிறது. குதிகால் முதலில் படுவது தன்னளவில் பிழையன்று. அதை அவசரமாக மாற்றினால் கெண்டைக்கால் தசைதான் சுமையேற்கும்.

பின்புறமிருந்தும் பதிவு செய்து, ஊன்றாத பக்கத்து இடுப்பு சரிகிறதா என்று கவனியுங்கள். அடி நீண்டிருந்தால், அதே வேகத்தில் நிமிட அடி எண்ணிக்கையை 5 விழுக்காடு கூட்டி மீண்டும் பதிவு செய்யுங்கள்.