'கிரேடு 1 கொழுப்புக் கல்லீரல்': வடு இருக்கிறதா என்று கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று அச்சாகி வந்ததும் பலர் கலங்குகிறார்கள். பலர் அந்தத் தாளை மடித்து வைத்து மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் அந்த கிரேடு எண் போதுமான காரணம் ஆகாது. அது கல்லீரலில் படிந்துள்ள கொழுப்பின் அளவைத் தோராயமாகக் காட்டுகிறதே தவிர, எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் வடுவைப் பற்றி, அதாவது ஃபைப்ரோசிஸ் பற்றி, எதுவும் சொல்வதில்லை. கிரேடு 1 உள்ளவருக்கு முற்றிய வடு இருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்கு வடுவே இல்லாமலும் இருக்கலாம்.

வடுவின் சாத்தியத்தை வீட்டிலேயே மதிப்பிட, 2006-இல் வெளியான 'ஃபிப்-4' என்னும் கணக்கு உதவுகிறது. முதலில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்திருந்தவர்களுக்காக உருவாக்கப்பட்ட இக்கணக்கைத்தான் இன்று கொழுப்புக் கல்லீரலுக்கு முதற்கட்டச் சோதனையாக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. இதற்கு வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. (இரத்தத்தில் அளக்கப்படும் இரு கல்லீரல் நொதிகள்), தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். இரத்தப் பரிசோதனைகள் மூன்றும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கிக்கொள்ளுங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைத் தட்டணு எண்ணிக்கையால் பெருக்கி, வரும் விடையால் முதல் எண்ணை வகுங்கள். பலரும் தவறுவது தட்டணுவில்தான்: நம் ஆய்வகங்கள் '2 லட்சம்' என்று அச்சிடுவதை ஆயிரத்தால் வகுத்து 200 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 48 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 36, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 2 லட்சம் எனில், 48 × 36 = 1728; 49-இன் வர்க்கமூலம் 7, 7 × 200 = 1400; விடை 1.23.

விடை 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய வடு இருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வயதே விடையை உயர்த்திவிடுவதால் 2.0 என்பதே கீழ் எல்லை. 2.67-க்கு மேல் வந்தால் கல்லீரல் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். இடைப்பட்டவர்கள் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம்; அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் குறைவாக வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இக்கணக்கு நம்பகமானதல்ல. டெங்கு வந்து தேறிக்கொண்டிருக்கும்போது எடுத்த அறிக்கையையும் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்: தட்டணு சரிந்து எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கும் அந்த நாட்களில் ஆரோக்கியமான கல்லீரலும் ஆபத்தானதாகத் தோன்றும்.

புதிய மருந்துகள் பற்றிய செய்தி தமக்குப் பொருந்துமா என்று அறியவும் வடுவின் நிலை தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோமும், 2025 ஆகஸ்டில் செமாக்ளூட்டைடும் அனுமதி பெற்றது, அழற்சியுடன் மிதமான அல்லது முற்றிய வடு உள்ளவர்களுக்காகவே. வெறும் கொழுப்பு உள்ளவர்களுக்கோ, வடு முற்றிக் கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் நிலையை எட்டியவர்களுக்கோ அன்று. 966 பேர் பங்கேற்ற ரெஸ்மெட்டிரோம் ஆய்வில், ஓராண்டில் வடு ஒரு படியேனும் குறைந்தவர்கள் அதிக அளவு மருந்து பெற்றோரில் 25.9 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றோரில் 14.2 விழுக்காடு. பலன் உண்மையானது, ஆனால் 'அற்புத மருந்து' என்னும் தலைப்புகள் அளவுக்கு மீறியவை. 80 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ குறைத்தாலே பலருக்கு அழற்சி தணிவதும் வடு பின்வாங்குவதும் முன்பே காணப்பட்டவை.

குறைந்த விடை பெற்றவர்கள், சர்க்கரை நோய் இருந்தால் ஓரிரு ஆண்டுகளிலும், இல்லையெனில் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் புதிய இரத்த அறிக்கையுடன் இதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.