வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறீர்களா? இராமநாதபுரம் கடலோரத்தில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா, இரண்டு வயதாகியும் நடக்காத பிள்ளை, மனம் கலங்கிய தம்பி. இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரைக் குடும்பங்கள் முதலில் மதுரைக்குத்தான் பஸ் ஏறுகின்றன. சிகிச்சை அங்கே கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நீளும் பராமரிப்புக்கு வேண்டிய உதவி உங்கள் ஊரிலும், ஒன்றியத்திலும், இராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்திலும் இருக்கிறது. சுகாதாரம், மாற்றுத்திறனாளிகள் நலம், வருவாய், கல்வி, மீன்வளம் என்று ஐந்து துறைகளில் அது பிரிந்து கிடக்கிறது. "ஏதாவது உதவி பண்ணுங்க" என்று போய் நின்றால் அடுத்த மேசையைக் காட்டுவார்கள். திட்டத்தின் பெயரைச் சொல்லி, அதற்குரிய ஆளிடம் கேட்டால்தான் மனு நகரும்.

முதலில் ஒரு தாள்

நோயாளியின் பெயர் (ஆதாரில் உள்ள எழுத்துப்படியே), வயது, நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், எந்த மருத்துவமனையில் பார்த்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தானாக எழ முடியுமா, சாப்பிட முடியுமா, கழிப்பறைக்குப் போக முடியுமா, படுக்கையில் புரள முடியுமா என்பதையும் எழுதுங்கள். கடைசி வரியில், யார் கவனிக்கிறார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், அவருக்கு என்ன வயது, அவருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருக்கிறதா என்று சேருங்கள். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் கவனித்துக்கொள்பவர் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறார்.

இந்தத் தாளோடு ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆகியவற்றை ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஜிப் கவரில் வையுங்கள். கடல் காற்றில் தாள் நமுத்து எழுத்து மங்கிவிடும். அசல் எல்லாவற்றையும் போனிலும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் இருப்பவர்கள்

துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கே வருகிறார். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அவர் வீட்டில் தருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இருப்பதுதான் பலருக்குத் தெரியாது. "எங்கள் வீட்டைப் பிசியோ பட்டியலிலும் படுக்கை நோயாளி பட்டியலிலும் சேருங்கள்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். தன்னார்வலர் தயங்கினால் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால் அரசின் சுகாதார உதவி எண் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

ஒரு ஒன்றியம் முழுவதற்கும் பிசியோவும் வலி நிவாரணச் செவிலியரும் ஓரிருவர்தான். அடிக்கடி வர முடியாது. ஆகவே வரும் நாளில் எதைக் கற்றுக்கொள்கிறோம் என்பது முக்கியம். பயிற்சிகளைப் பிசியோ செய்து காட்டும்போது போனில் வீடியோ எடுங்கள். பிறகு உங்களைச் செய்யச் சொல்லி அவர் பார்க்கட்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். இரவில் அது தவறுகிறது, அப்போதுதான் இடுப்பிலும் குதிகாலிலும் புண் தொடங்குகிறது. சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்காமல் இருந்தால் அது புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் சிவப்புத் தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே தேய்க்காதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள். செவிலியருக்குச் சொல்லுங்கள், காற்றுப் படுக்கை கேளுங்கள்.

சின்னப் பிள்ளை என்றால் அங்கன்வாடிப் பணியாளரிடம் தொடங்குங்கள். ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற சமாதானத்தில் போகும் வருடங்கள் திரும்பி வராது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டி, வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு.

அடையாள அட்டை: எல்லாக் கதவுக்கும் இதுதான்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பார்கின்சன் (நடுக்குவாதம்), தசைச்சிதைவு, தலசீமியா (பரம்பரை இரத்தக் குறைபாடு), நாள்பட்ட மனநோய் எல்லாம் அதில் அடங்கும். கை கால் நன்றாக இருக்கிறது என்பதால் நமக்குக் கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

தனித்துவ அடையாள அட்டைக்கு (யூடிஐடி) மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். பதியும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூன்றைச் சரிபாருங்கள்: பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, போன் எண் உங்களுடையதா, மருத்துவமனை இந்த மாவட்டத்தில்தான் தேர்வாகியிருக்கிறதா. மையக்காரரின் எண்ணைப் போட்டுவிட்டால் பரிசோதனைக்கான அழைப்புக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியாமலே தேதி கடந்துவிடும். 2024 அக்டோபர் திருத்த விதிகளின்படி சான்று தர மூன்று மாத அவகாசம் உண்டு. இரண்டு வருடம் முடிவு எட்டப்படாத விண்ணப்பம் செயலிழந்துவிடும், மறுபடி பதிய வேண்டும்.

கடல்பாசி எடுத்தும் வலை இழுத்தும் விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு ஆதார் இயந்திரம் அடிக்கடி மறுக்கும். ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைப் புதுப்பித்துவிட்டு, எல்லா இடத்திலும் "கண்ணை வைத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள்.

பரிசோதனைக்குப் போகும் முன் அந்தக் குறைபாட்டுக்குரிய மருத்துவர் எந்தக் கிழமை உட்காருகிறார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் எல்லோரும் ஒரே நாளில் இருக்க மாட்டார்கள். தனுஷ்கோடிப் பக்கமிருந்தோ மூக்கையூரிலிருந்தோ ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆள் இல்லை என்று திரும்புவது கொடுமை. விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. ஆண்கள் கரையில் இருப்பார்கள், தூக்க ஆள் கிடைக்கும். இந்த வேலைகளை அந்த 61 நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் அது நிரந்தரமா, தற்காலிகமா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகமாகவே தருவார்கள். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க ஓடுங்கள். வந்துகொண்டிருந்த உதவித்தொகை சொல்லாமல் நின்றுபோக இது பெரிய காரணம்.

மாத உதவித்தொகை

இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஒன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் அது மாதம் 2,000 ரூபாய். 75 விழுக்காடும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் உரியது. இன்னொன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வரும் ஓய்வூதியம். முதலாவதற்குத் தகுதி இருந்தால் அதையே கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று சொன்னால், அந்தப் பட்டியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். மேலே சொன்ன 2016 சட்டமே உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. சாப்பாடு முதல் கழிப்பறை வரை எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும் என்றால், "உயர் ஆதரவுத் தேவைக்கான படி" என்று பெயர் சொல்லித் தனி மனுவாகக் கொடுங்கள். முதல் மனுவிலேயே ஒரு வரியாகச் சேர்த்தால் அந்த வரியை யாரும் படிக்காமல் விட வாய்ப்பு அதிகம்.

சக்கர நாற்காலி வாங்கும்போது நம் மண்ணை நினைவில் வையுங்கள். மெல்லிய முன்சக்கரம் கடற்கரை மணலில் புதைந்துவிடும். அகலமான சக்கரம் இருக்கிறதா என்று கேளுங்கள். உப்புக்காற்றில் அச்சும் பிரேக்கும் துரு ஏறும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் விடுங்கள்.

கடலில் விபத்தாகி முடங்கியவர் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் போக வேண்டும். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். போலீஸ் பதிவும் மருத்துவமனைக் குறிப்பும் இல்லாமல் இது நகராது. கரைக்கு வந்த அன்றே பதிய வையுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது, பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் சான்று தேவைப்படும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு அதை வழங்குகிறது. வங்கியில் கேட்கும்வரை காத்திருக்காமல் பதினெட்டு ஆனவுடன் விண்ணப்பியுங்கள்.

மனநோய் என்றால்

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். இந்தக் கரையில் வாழும் யாருக்கும் அது மறக்கக் கூடியதல்ல. இன்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிட்டுக் கட்டுவதைத் தடை செய்கிறது. தர்காவிலோ கோயிலிலோ மாதாவிடமோ வேண்டிக்கொள்ளுங்கள், மருந்தையும் நிறுத்தாமல் கொடுங்கள். இரண்டுக்கும் மோதல் இல்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள், மாத்திரை இலவசம். கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம். இரவில் பதற்றம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கவனித்துக்கொள்பவருக்கு

அந்த 14416 உங்களுக்கும்தான். தூக்கமே வராமல் போவது, படுத்திருப்பவர் மேல் எரிந்து விழுவது, உங்கள் சொந்த மாத்திரையை மறப்பது, இவை தெரிந்தால் அழையுங்கள்.

ஆள் உதவி கேட்கும்போது நேரமும் வேலையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "முடிஞ்சா வந்து பாரும்மா" என்றால் யாரும் வர மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அப்பா பக்கத்தில் உட்காரணும், நான் ஆஸ்பத்திரி போயிட்டு வரணும்" என்றால் வருவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஜமாஅத்திலும் அதன் பொது நிதியான பைத்துல் மாலிலும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தேவாலயப் பங்கிலும், மீனவ ஊர்களில் ஊர்த் தலைவரிடமும் கேட்கலாம். பணமாகக் கேட்பதைவிட டயப்பர், ஆஸ்பத்திரிக்கு வண்டி, மாதம் ஒரு நாள் துணை என்று பொருளாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சுய உதவிக் குழுவை ஐந்து பேரிலேயே தொடங்கலாம். தானாக வர முடியாதவருக்குப் பதில் பெற்றோரோ பாதுகாவலரோ உறுப்பினராகலாம். சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். ஐந்து வீடு சேர்ந்தால் ஒரே வண்டியில் முகாமுக்குப் போகலாம், ஒருவர் வீட்டில் இன்னொருவர் முறை வைத்து உட்காரலாம்.

மனு தேங்கினால்

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, பழைய மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு எண். மூன்றும் இருந்தால் உங்கள் மனு உரிய துறைக்கு நேராகப் போகும். படுத்திருப்பவரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை, நீங்கள் மட்டும் வந்தால் போதும். வரவே முடியாதவர்கள் முதல்வரின் உதவி எண் 1100-ஐ அழைத்துப் பதியலாம். வரும் குறுஞ்செய்தியில் உள்ள எண்ணை அந்த முதல் தாளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.