வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாயைப் பழக்குவது எப்படி?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். கட்டிலுக்கு அடியில் நடுங்கும் நாயை அதட்டியோ வெளியே இழுத்துப் போட்டோ பயத்தைப் போக்க முடியாது, அது கொடுமை. வெடிச் சத்தத்தையும் ஆபத்தையும் அதன் மூளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அதே சத்தத்தோடு நல்லதொன்றை முடிச்சுப் போட வேண்டும்.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனிடம் இதைச் செய்து காட்டினார். அவன் தனக்குப் பிடித்ததைத் தின்னும்போது, கலங்காத தொலைவில் முயலை வைத்து, மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தொட்டு விளையாடினான்.

படி 1: வேகவைத்த கோழியைச் சுண்டைக்காய் அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. பயிற்சி நாட்களில் இந்தத் தீனியை வேறு நேரத்தில் கொடுக்காதீர்கள்.

படி 2: செல்பேசியில் வெடிச் சத்தப் பதிவை மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். காது மட்டும் நிமிர்ந்து உடல் தளர்வாக இருந்தால் அளவு சரி. உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, வாலை இடுக்குவது, தீனியை மறுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒலியைக் குறையுங்கள்.

படி 3: முதலில் சத்தம், ஒரு நொடி கழித்துத் தீனி. பலரும் சறுக்கும் இடம் இதுதான். டப்பாவைத் திறந்துவிட்டுச் சத்தத்தைப் போட்டால், டப்பாவே வெடிக்கு முன்னறிவிப்பாகிவிடும்; பிறகு கோழியைக் கண்டாலும் நாய் ஓடும். நாய்களை வைத்து ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் ஆய்வகத்திலும் தாளக்கருவியின் ஒலி முந்தி, உணவு பிந்தி வந்தபோதுதான் ஒலிக்கே நாய்களுக்கு எச்சில் ஊறியது. சத்தம் நின்றதும் தீனியும் நிற்கட்டும்.

படி 4: சத்தம் கேட்டதும் நாய் ஆவலோடு உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கிறதா? ஒலியை ஒரு புள்ளி கூட்டலாம். அதற்கு முன் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு வேறு அறையிலும் மொட்டை மாடியிலும் பழக்குங்கள்.

பண்டிகையன்று சோதித்துப் பார்க்க வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓட விட்டு அருகில் இருங்கள். வெடிக்கும் ஒவ்வொரு முறையும் தீனி கொடுங்கள். பயப்படும் நாய்க்குத் தீனி கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள். நம்பாதீர்கள், தடவிக் கொடுப்பதாலும் வளராது. தீனியையே தொடாத அளவுக்கு நடுங்கினால் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள், மருந்துகள் இருக்கின்றன.

பழைய முடிச்சு முழுதாக அழிவதில்லை, இடைவெளி விட்டால் தலைதூக்கும். ஆகவே அடுத்த ஆண்டும் படி 2-லிருந்து தொடங்குங்கள்.