சரிவில் ஏற மறுத்த ட்ரில் வண்டி

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அதில் ஏறுகிற ரோபோ வண்டி ஒன்று செய்ய ஆசை. புது கியர் மோட்டார் விலை கையைக் கடித்ததால், பேட்டரி செத்த 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் இரண்டைக் கோவையில் மலிவாக வாங்கினேன். மோட்டாரும், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பிளானட்டரி கியரும் உள்ளே சேர்ந்தே இருக்கும், அதுதான் லாபம்.

ட்ரில் பிட்டைக் கவ்வும் முனையான சக் கழற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அதன் வாயை முழுக்கத் திறந்தால் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். இடது மரை! முடுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் ஒன்றின் தலையை மழித்துவிட்டேன்.

முதல் ஓட்டத்திலேயே சரிவில் கடகடவென்று சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. கியர் பல் போச்சு என்று பயந்தால், வழுக்கியது கிளட்ச்தான், பாரம் கூடினால் பிடியை விட்டுவிடும் பாகம். அதன் வளையத்தை ட்ரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பி, நகராமல் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஏறியது.

பிறகு மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் எல்298என் டிரைவர் போர்டு புகைந்தது. ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு மோட்டார் இணைப்புக்கு, 2 ஆம்பியர்தான் தாங்கும். ட்ரில் மோட்டார் முட்டி நின்றால் பல மடங்கு இழுக்கும். இப்போது அதிக ஆம்பியர் தாங்கும் பிடிஎஸ்7960 டிரைவர், கூடவே ஃபியூஸ். மூடுபனி இறங்கினால் மட்டும் வண்டியை உள்ளே தூக்கிவிடுகிறேன். போர்டில் ஈரம் கோத்துக்கொள்கிறது.