கறுப்புத் துணியில் பிளீச் பட்டு வெளுத்த இடத்தை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

கறுப்பு அல்லது கருநீலத் துணியில் பிளீச் தெறித்துவிட்டால் பலரும் அதைக் கறையாகக் கருதி, சோப்பு, எலுமிச்சை, ஆப்ப சோடா என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் புதிதாக எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சாயத்தின் மூலக்கூறுகளைக் குளோரின் சிதைத்துவிட்டது. ஆகவே எத்தனை முறை துவைத்தாலும் பழைய நிறம் திரும்பாது. பிளீச்சின் வேலையை முதலில் நிறுத்தி, அதன்பின் போன நிறத்தை நாமே மறுபடி ஏற்ற வேண்டும்.

கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நாம் போடும் பிளீச்சிங் பவுடர், துணி வெளுப்பதற்கென்றே பிறந்த பொருள். குளோரினைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே 1785-இல் காட்டினார்; அதைச் சுண்ணாம்புடன் சேர்த்துத் தூளாக்கும் முறைக்கு 1799-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்த துணியைச் சில மணி நேரத்தில் வெளுத்துக் காட்டிய அந்தத் தூள், குளியலறையைக் கழுவும்போது நம் உடையில் தெறித்தாலும் தன் வேலையை ஒழுங்காகவே செய்துவிடுகிறது.

எளிதில் புரிவதற்காக, ஏறத்தாழ 250 கிராம் எடையுள்ள கறுப்புப் பருத்திச் சுடிதார் டாப் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் கீழ்ப்பகுதியில் சில சிறு புள்ளிகளும் ரூபாய் நாணய அளவில் ஒரு திட்டும் ஆரஞ்சு நிறமாக வெளுத்திருக்கின்றன.

முதல் படி: பிளீச்சை நிறுத்துதல்

தெறித்தது தெரிந்த உடனே துணியைக் கழற்றி, ஓடும் குழாய் நீரில் அந்த இடத்தைப் பின்பக்கத்திலிருந்து சில நிமிடங்கள் நன்றாக அலச வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பிளீச் பக்கத்திலும் பரவும்.

அலசிய பிறகும் நூலிழைகளுக்குள் சிறிது பிளீச் தங்கியிருக்கும். அதை முறிக்காமல் மேலே சாயம் பூசினால், பூசிய புதுச் சாயத்தையும் அது தின்னத் தொடங்கும். பூசிய சில நாட்களிலேயே நிறம் மங்கிவிட்டது என்று பலர் குறைப்பட்டுக்கொள்வதற்கு இந்தப் படியைத் தாண்டிச் சென்றதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முறிப்பதற்கு எளிதில் கிடைக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. புட்டியில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு நீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துத் துணியைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பெராக்சைடே ஓரளவு வெளுக்கும் தன்மையுடையது என்பதால், அதை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக ஊற்றுவதும் இரவு முழுவதும் ஊறவிடுவதும் கூடாது. மற்றொன்று, 'ஹைப்போ' என்று வழங்கும் சோடியம் தயோசல்ஃபேட். மீன்தொட்டிக் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று விற்பது பெரும்பாலும் இதுதான். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் போதும். இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் பின்னர் நன்றாக அலசி, சோப்புப் போட்டு ஒருமுறை துவைத்துவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளீச்சை முறிக்க வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றலாம் என்ற அறிவுரை பல இடங்களில் உலவுகிறது. பிளீச்சுடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். அமிலம் கலந்த கழிவறைத் திரவங்களுக்கும் இது பொருந்தும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் இது மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும்.

இரண்டாம் படி: துணியின் வலிமையையும் இழையையும் அறிதல்

காய்ந்த துணியை வெளிச்சத்தில் பிடித்து, வெளுத்த இடத்தின் இருபுறமும் விரல்களால் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை பிரிந்தாலோ, பஞ்சுபோல் உதிர்ந்தாலோ, நிறம் போனதோடு நூலும் இற்றுவிட்டது என்று பொருள். அத்தகைய இடத்துக்குச் சாயம் பூசுவது வீண். இறுதியில் சொல்லியுள்ள ஒட்டுத்துணி முறைக்கு நேராகச் சென்றுவிடலாம்.

அடுத்து, துணி எந்த இழையால் ஆனது என்று தெரிய வேண்டும். உள்ளே தைத்திருக்கும் சிறு லேபிளில் அது இருக்கும். இல்லையென்றால் தையலின் உட்புற ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, சாமணத்தால் பிடித்து, நீர் வைத்த கிண்ணத்தின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்தைத் தரும்.

பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவற்றை வீட்டில் சரிசெய்வது எளிது. முழுப் பாலியஸ்டர் பொதுவாகப் பிளீச்சில் வெளுப்பதில்லை. அதற்குச் சாயமேற்ற வேறு வகைச் சாயமும் கொதிநிலையை ஒட்டிய அல்லது அதற்கும் மேற்பட்ட வெப்பமும் தேவைப்படுவதால் வீட்டில் முயல வேண்டாம். பள்ளிச் சீருடைக் கால்சட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் அல்லது விஸ்கோஸும் கலந்தவை. அவற்றில் பருத்தி, விஸ்கோஸ் இழைகள் மட்டும் வெளுத்து, பாலியஸ்டர் இழைகளில் நிறம் நிற்பதால் திட்டு சற்று மங்கலாகவே தெரியும், பருத்திக்கான சாயமே அதை ஓரளவு மூடிவிடும். லெகிங்ஸ் போன்ற இழுபடும் துணிகளில் உள்ள ஸ்பான்டெக்ஸ் குளோரினால் தன் இழுதிறனையே இழந்துவிடும். நிறத்தை மீட்டாலும் தொய்வு நீங்காது. பட்டையும் கம்பளியையும் பிளீச் கரைத்தே விடக்கூடியது. அவை கிழியாமல் தப்பியிருந்தால், கீழே வரும் சலவை சோடா முறையில் நனைக்காமல், பட்டுக்குச் சாயம் ஏற்றித் தரும் கடையில் காட்டுவதே நல்லது.

மூன்றாம் படி: சிறு புள்ளிகளுக்குப் பேனா

கடுகளவு, மிளகளவுப் புள்ளிகளுக்கு, துணிக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவே போதும். புள்ளியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தொட்டு வைத்து, காய்ந்தபின் பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட வேண்டும். சாதாரண பெர்மனென்ட் மார்க்கரின் கறுப்பு, சில துவைப்புகளில் ஊதாவாக மாறி, பழைய ஆரஞ்சுப் புள்ளியைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும்.

பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நனைத்து, சுற்றியுள்ள சாயத்தைப் புள்ளிக்குள் இழுத்துவிடலாம் என்றொரு முறையும் உண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சாயம் போகிற துணியில் மட்டுமே அது பலிக்கும். நல்ல துணியில் நேரம்தான் வீணாகும்.

நான்காம் படி: திட்டுக்குத் துணி வண்ணம்

நாணய அளவுத் திட்டுகளுக்கு ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் துணி வண்ணம் ஏற்றது. நிறப் பொருத்தம்தான் இதில் கடினமான பகுதி. பலமுறை துவைத்த கறுப்பு உண்மையில் கறுப்பாக இருப்பதில்லை. சற்றே பழுப்போ நீலமோ கலந்த அடர் சாம்பலாக இருக்கும். அதன்மேல் புட்டியிலிருக்கும் கறுப்பை அப்படியே பூசினால், ஆரஞ்சுத் திட்டுக்குப் பதில் கன்னங்கரிய திட்டு ஒன்று கிடைக்கும். துளி பழுப்பு அல்லது துளி நீலத்தைக் கலந்து, துணியின் உட்புறத் தையல் ஓரத்தில் தடவி, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் நிற்கும் நிறம் வேறு.

துணிக்கு அடியில் அட்டையை வைத்து, கடினமான மயிருள்ள சிறு தூரிகையால், மிகக் குறைந்த வண்ணத்தை நெசவுக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெல்லிய இரண்டு பூச்சுகள், தடித்த ஒரு பூச்சைவிட மேலானவை. தடித்துப் பூசிய இடம் விறைத்து, பின்னால் வெடிக்கும். ஓரங்களை மங்கலாக்கி வெளியே சற்று இழுத்துவிட்டால் எல்லைக்கோடு தெரியாது. ஒருநாள் முழுவதும் காயவிட்டு, நீராவி இல்லாமல் பின்பக்கத்திலிருந்து சில நிமிடங்கள் இஸ்திரி போட்டு, மூன்று நாட்களுக்குப் பிறகே துவைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: முழு உடைக்கும் சாயமேற்றுதல்

புள்ளிகள் பரவலாக இருந்தாலோ, உடை ஏற்கெனவே மங்கியிருந்தாலோ, முழுவதற்கும் சாயமேற்றுவதே நேர்த்தியான வழி. உழைப்பு அதிகம்தான், ஆனால் பருத்தித் துணிக்கு இதற்கு நிகராக நீடிக்கும் தீர்வு வேறில்லை. திருப்பூர்ப் பின்னலாடைகளுக்கு ஏற்றும் ரியாக்டிவ் (நூலோடு வேதிப் பிணைப்புக் கொள்ளும்) சாயக் குடும்பத்திலேயே, நம் ஊர் வெப்பத்தில் குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் வகை ஒன்று உண்டு. சாயக் கடையில் 'கோல்டு பிராண்ட்' (cold brand) என்று சொல்லிக் கேளுங்கள். சூடாக ஏற்றும் வகைக்கு 60 டிகிரி வெப்பத்தைத் தொடர்ந்து காக்க வேண்டும் என்பதால் தொடக்கநிலையினருக்கு அது தோதுப்படாது.

பல கறுப்புச் சாயங்கள் ஆழ்ந்த நீலத்தோடு ஆரஞ்சும் சிவப்பும் கலந்து ஆக்கப்படுபவை. நீலம் முதலில் சிதைவதால்தான் திட்டு ஆரஞ்சாக நிற்கிறது. எனவே முழு உடையையும் நனைப்பதற்கு முன், அந்தத் திட்டுக்கு மட்டும் கருநீல வண்ணத்தை நீர்க்கக் கலந்து தொட்டு வைத்துக் காயவிடுவது பெரிதும் உதவும். ஆரஞ்சின்மேல் நீலம் படிந்து இருண்டபின் அதன்மேல் ஏறும் கறுப்பு, சுற்றியுள்ள கறுப்போடு இணங்கிப்போகும். நேரடியாகக் கறுப்பை மட்டும் ஏற்றினால் திட்டு செம்பழுப்புச் சாயலுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் 250 கிராம் டாப்புக்கு வேண்டியவை: 5 லிட்டர் நீர், 15 முதல் 20 கிராம் கறுப்புச் சாயம் (கருநீலமாயின் 10 கிராம்), 250 கிராம் உப்பு, 100 கிராம் சலவை சோடா. சலவை சோடாவை ஆப்ப சோடாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வாங்கியது நீர் கோத்த படிகமாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் 270 கிராம் தேவைப்படும். பாத்திரம் பிளாஸ்டிக் வாளியாகவோ எவர்சில்வராகவோ இருக்கலாம். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரத்தில் அதன்பின் சமைக்க வேண்டாம். சாயத்தூள் மூக்கில் ஏறினால் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், தூளை அளக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

துணியை முதலில் சுத்தமாகத் துவைத்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கஞ்சியோ கம்ஃபர்ட் போன்ற திரவமோ இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாயத்தை ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, துணியில் வடிகட்டி, உப்புக் கரைத்த 5 லிட்டர் நீரில் ஊற்றுங்கள். துணியை அதில் விரித்துப் போட்டு, மடிப்பு விழாமல் அரை மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். பிறகு துணியை ஒருபக்கம் ஒதுக்கி, தனியே கரைத்து ஆறவைத்த சோடாவைச் சிறிது சிறிதாக நீரில் கலக்குங்கள். துணியின்மேல் நேரே ஊற்றினால் அந்த இடம் அடர்ந்துவிடும். சோடா சேர்ந்த பிறகே சாயம் நூலோடு வேதிப் பிணைப்புக் கொள்கிறது. அதிலிருந்து ஒருமணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது புரட்டிவிட வேண்டும். நேரமானபின் குளிர்ந்த நீரில் பலமுறை அலசி, இறுதியாகக் கொதிநீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, நீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். முதல் சில துவைப்புகளை மற்றத் துணிகளோடு சேர்க்க வேண்டாம்.

தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டராக இருப்பதால் அதில் இந்தச் சாயம் ஏறாது. உடையை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாற்றினால் தையல் நீலமாகவே தெரியும். எஞ்சிய சாய நீர், சோடா கலந்துவிட்டதால், சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும், எடுத்துவைத்துப் பயனில்லை. உலர்ந்த தூளை மட்டும் ஈரம் புகாத டப்பாவில் மூடி வைக்கலாம்.

நூல் இற்ற இடங்களுக்கு

இழுத்தால் பிரியும் இடத்துக்குப் பின்பக்கத்தில், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணியை வைத்துத் தாங்கல் கொடுத்துவிட்டு, மேலே எம்பிராய்டரியோ ஒட்டுத்துணியோ வைத்துத் தைக்க வேண்டும். ஒட்டு, இற்ற பகுதியைத் தாண்டி நல்ல துணியின்மேல் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும். இற்ற நூலிலேயே ஊசி இறங்கினால் முதல் துவைப்பிலேயே தையலோடு கிழியும். டாப்பின் கீழோரத்தில்தான் சேதம் என்றால், அந்த ஓரம் முழுவதற்கும் ஒரு கரை வைத்துத் தைத்துவிடச் சொல்லித் தையல்காரரிடம் கொடுப்பதே எளிது.