பெரணி இலையிலிருந்து ஜாக்கெட் கைக்கு: ஊட்டி பூங்காவில் டிசைன் எடுப்பது எப்படி?

கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்யும் ஆரி வேலை பழகுகிறவர்களுக்கு ஊசி சீக்கிரம் கைவந்துவிடும், டிசைன்தான் வராது. அதே மயில், அதே மாங்காய். சலித்துப்போனால் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஸ்கேல் போதும். காலையிலேயே போவது நல்லது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் இலை நரம்பு தெரியாது. மே மாத மலர்க் கண்காட்சி சமயம் மட்டும் வேண்டாம், நின்று வரைய இடம் கிடைக்காது.

முதல் வேலை, ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்பது. 1848இல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா, சுமார் 22 ஹெக்டேர். முழுக்கச் சுற்றினால் கால்தான் வலிக்கும். நான் முதல் தடவை டேலியாவையே இருநூறு போட்டோ எடுத்து வந்தேன். வீட்டில் பார்த்தால் எல்லாம் ஒரே வண்ணக்கூட்டம், தைக்க ஒரு கோடு இல்லை.

நேராகப் பெரணி (ஃபெர்ன்) செடிகளை வளர்க்கும் பெரணி வீட்டுக்குப் போங்கள். குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல வகைகளில் நடுநரம்புக்கு இருபுறமும் கடுகை வரிசையாக ஒட்டியதுபோல் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை ஸ்போர் எனும் நுண்வித்துகளைத் தாங்கும் பைகளின் கொத்துகள். நமக்கோ மணி கோக்க வேண்டிய இடங்கள். இளங்குருத்து நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும், அதையும் வரைந்துகொள்ளுங்கள். பறிக்க வேண்டாம்.

அடுத்து, அதே இலையை மூன்று முறை வரையுங்கள், ஒவ்வொரு முறையும் பாதிக் கோடுகளைக் குறைத்து. கடைசியில் ஒரு வளைவு, எட்டுச் சிற்றிலை, சில புள்ளிகள் மிஞ்சினால் சரி. சிற்றிலை அரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் புதுக்கைக்குச் சங்கிலித் தையல் சொதப்பும்.

இனி கணக்கு. கைச் சுற்றளவு 12 அங்குலம், உரு, அதாவது வரைந்த இலை வடிவம், 2 அங்குல அகலம் என்றால் ஆறு உரு. ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிப் போட எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நான் ஐந்து போட்டு, தையல் சேரும் இடத்தில் இரண்டு இலை ஒரே பக்கம் பார்த்து நின்றன. அந்த ஜாக்கெட்டை இன்னும் புடவைத் தலைப்பால் மறைத்துத்தான் கட்டுகிறேன்!

இலைக்குக் கரும்பச்சை நூல், புள்ளிகளுக்குச் செம்பு நிறச் சுகர் பீட்ஸ் எனும் பொடி மணிகள்.

பூங்காவின் மேல்பக்கம் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. வெள்ளைத் துணியில் கோடே வரையாமல், இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைப்பவர்கள். அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்குளிரப் பாருங்கள், ட்ரேசிங் பேப்பரை மட்டும் பையிலேயே விட்டுவிடுங்கள்.